சீராக வந்த முள்கட்டு

சமயநல்லூர்,
வெகுதானிய வருஷம், சித்திரை மாதம்,
செவ்வாய்க்கிழமை.

கோடைக்கானல் துரை பங்களாவில் தோட்டக்காரராக விளங்கும் மகாராஜராஜஸ்ரீ மைத்துனர் மலையாண்டி அவர்களுக்கு, தங்கள் அக்காள் ரெங்கம்மாளின் புருஷன் சின்னச்சாமி எழுதிக்கொண்டது. இவ்விடத்தில் நானும் தங்கள் அக்காளும் காளைகள் இரண்டும் கிணற்றுத் தண்ணீரும் தெய்வ கிருபையால் சுகம். அவ்விடத்தில் தாங்களும் தங்கள் துரையும் துரைசானியும் அவர்களுடைய நாயும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். மரியாதைக்கு எழுத வேண்டியது இத்துடன் முடிந்தது. இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி. பக்கத்தில் துரை இருந்தால் அவரை அப்பால் போகச் சொல்லிவிட்டுப் படி.

வருகிற வெள்ளிக்கிழமை காலையில் நான் கருப்பசாமி கோயில் வாசலில், எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, "என் பங்காளி முத்திருளன் நிலத்துக்குள் என் வேலியை நான் தள்ளி வைக்கவில்லை" என்று ஊர் முன்னால் சத்தியம் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் நான் எல்லை திருடியவன். எங்கள் வீட்டில் குடித்தவன் உண்டு, சண்டையில் மண்டையை உடைத்தவன் உண்டு, சந்தையில் கிழட்டு மாட்டை இளசென்று காட்டப் பல்லைக் குறைத்துச் சொன்ன என் சித்தப்பன்கூட உண்டு. அடுத்தவன் நிலத்தில் கை வைத்தவன் மட்டும் கிடையாது. அந்தப் பேரை இப்போது நான் வாங்கப் போகிறேன். காரணம் நீ. நீ ஒருத்தன்தான். உன் சீர்.

முதலிலிருந்தே சொல்கிறேன், உனக்கு ஞாபகம் வரட்டும். இரண்டு வருஷத்துக்கு முந்திய தைப்பொங்கல். கட்டிக்கொடுத்த அக்காளுக்குத் தம்பிக்காரன் பொங்கல் சீர் அனுப்புவது ஊர் வழக்கம். பச்சரிசி, வெல்லம், இரண்டு கரும்பு, ஒரு புதுப்பானை. இதற்கு மேல் யாரும் உன்னிடம் யானை கேட்கவில்லை. பஸ்ஸில் சீர் வருகிறது என்று நீ கடுதாசி போட்டாய். உன் அக்காள் அதைத் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். திண்டுக்கல் ரோட்டோரத்தில் எட்டுப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். பஸ்ஸும் வந்தது. கண்டக்டர் மேலே ஏறி, கையை உதறி உதறி, ஈரச்சாக்கில் சுற்றிய ஒரு முள்கட்டைக் காலால் கீழே தள்ளினான். "இந்தாங்க ஒங்க சீரு! வத்தலக்குண்டுலருந்து என் கையக் குத்திக் கொல்லுது" என்றான். எதிர்வீட்டு மாயக்காள் கிட்டே வந்து பார்த்துவிட்டு, "ஏண்டி ரெங்கம்மா, ஒந் தம்பி அடுப்புக்கு வெறகு அனுப்பிச்சிருக்கானா? பான பொறகால வருதாக்கும்?" என்று கேட்டாள். எட்டுப் பெண்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. உன் அக்காளோ, கட்டை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து அழுதாள். சீர் வராத அவமானத்தில் அழுகிறாள் என்று எண்ணி நானும் உன்னை நாலு வார்த்தை திட்டினேன். அவள் என்னை முறைத்தாள். "இது எங்க ஊரு முள்ளுப்பழங்க" என்றாள். பழம் எங்கே இருந்தது, அதில்? என் கண்ணுக்கு முள் மட்டும்தான் தெரிந்தது.

பிரித்தால் உள்ளே இரண்டு கட்டு. வெள்ளை நூல் கட்டியது துரை சீமையிலிருந்து தருவித்துப் பங்களாவில் வளர்க்கிற ரகம், அவர்கள் பாஷையில் பிளாக்பெரி, கட்டைவிரல் தண்டி பழுக்கும், அது மச்சானுக்கு. சிவப்பு நூல் கட்டியது மலைச்சரிவில் தானாகக் கிடக்கிற காட்டு ரகம், பழம் சின்னது, அது அக்காளுக்கு. இப்படி ஒரு சீட்டு எழுதி வைத்திருந்தாய். மச்சானுக்கு உசத்தி ரகம் கொடுத்திருக்கிறானே, பயலுக்கு மரியாதை தெரிந்திருக்கிறது என்று நானும் கோபத்தை விழுங்கினேன். வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியில் நல்ல இடமாகப் பார்த்துக் குழி தோண்டினேன். புது மூங்கில் வாங்கிப் பந்தல் போட்டேன், கம்பி கட்டினேன், மேல்வெயில் படாமல் தென்னங்கீற்று மறைத்தேன். ஆட்டுப் புழுக்கை, கடலைப் பிண்ணாக்கு, இலைச்சருகு எல்லாம் நீ எழுதின கணக்குப்படி வைத்தேன். முத்திருளன் வந்து எட்டிப் பார்த்து, "யாருடா தம்பி வாராக, இம்புட்டுப் பெரிய பந்தலு?" என்று கேட்டான். சீமையிலிருந்து வருகிற விருந்தாளி என்று சொன்னேன். அத்தனை திமிர் எனக்கு அப்போது.

கொடி வளர்ந்தது, மாப்ள. அதை மறைக்க மாட்டேன். வருஷக் கடைசியில் ஒவ்வொன்றும் இரண்டு ஆள் உயரம். நான் மல்லிகைக்காரன். எங்கள் தோட்டத்துப் பூவை மதுரைப் பூக்கடையில் பேர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள். மல்லிகையை மார்கழியில் ஒட்ட வெட்டிவிட்டால்தான் புதுத்துளிரில் மொட்டு வரும், இது என் கைக்குத் தானாகத் தெரியும். ஆகவே மார்கழியில் அரிவாளை எடுத்துச் சீமைக்கொடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டினேன். சித்திரையில் இலை வந்தது, பழம் இல்லை. சரி, வெட்டு போதவில்லை என்று அடுத்த மார்கழியில் கணுக்கால் உயரத்துக்கு வெட்டினேன். இந்தச் சித்திரையிலும் இலைதான். உனக்குக் கோபமாக எழுதிக் கேட்டதற்கு என்ன பதில் போட்டாய்? "இந்த வருஷம் வளர்கிற கொடியில் அடுத்த வருஷம்தான் பழம் பிடிக்கும் மச்சான், பழுத்து முடிந்த கொடியை மட்டும்தான் வெட்ட வேண்டும்" என்று எழுதினாய். அடப்பாவி! நிழல் எழுதினாய், சருகு எழுதினாய், பிண்ணாக்கு எத்தனை படி என்றுகூட எழுதினாய், வெட்டாதே என்ற ஒரு வார்த்தை எழுத உன் பென்சிலில் முனை இல்லையா? இரண்டு வருஷமாக நான் என் கையாலேயே என் பழத்தை வெட்டி மாட்டுக்குப் போட்டிருக்கிறேன். மாடும் அதைத் தின்னவில்லை.

இப்போது காட்டு ரகத்துக்கு வருகிறேன். அதுதான் என் குடியைக் கெடுத்தது. சிவப்பு நூல் கட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வளைந்த முள், மேலும் கீழும், ஒரு விரல் வைக்க இடமில்லை. எங்கள் பக்கத்தில் முள்ளைக் கண்டால் அது வேலிக்கு என்று அர்த்தம். எனக்கும் முத்திருளனுக்கும் நடுவில், எல்லைக்கல்லிலிருந்து பனைமரம் வரைக்கும் போகிற வேலியில் ஆடு நுழைகிற சந்து ஒன்று இருந்தது. கட்டைக் கொண்டுபோய் அந்தச் சந்தில் சொருகி, காலால் நாலு மிதி மிதித்துவிட்டு வந்தேன். தண்ணீர் ஊற்றவில்லை, எரு வைக்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. பந்தலுக்குக் கீழே ராஜ உபசாரம் பெற்றது மலடாக நிற்கிறது. மிதி வாங்கினது கிணற்று வாய்க்கால் கசிவைக் குடித்துக்கொண்டு காடாகப் பரந்துவிட்டது. போன வருஷமே பழுத்திருக்கிறது, உன் அக்காள் எனக்குக் காட்டாமல் தின்றுவிட்டாள். இந்த வருஷம் வேலி முழுக்கக் கறுப்பாகக் கொத்துக் கொத்தாக.

பழுத்ததோடு நின்றிருந்தால் நான் ஏன் உன்னைத் திட்டுகிறேன்? அந்தச் செடி நடக்கிறது, மாப்ள! நான் கள் குடித்துவிட்டு எழுதவில்லை. கொடி வளைந்து போய் நுனி மண்ணைத் தொடுகிறது. தொட்ட இடத்தில் வேர் விடுகிறது. தலையில் வேர் விடுகிற செடியை என் வயசுக்கு நான் கண்டதில்லை. அங்கிருந்து புதுக்கொடி கிளம்பி, அதுவும் வளைந்து, ஒரு எட்டு தள்ளி மறுபடி மண்ணைத் தொடுகிறது. நடக்கிறதுதான் நடக்கிறது, என் பக்கம் நடக்கக் கூடாதா? எல்லாம் முத்திருளன் பக்கம். நாலு நுனியை நானே பிடுங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு நுனியின் மேலும் ஒரு கல் வேறு கிடந்தது. வாய்க்கால் வெட்டினபோது உருண்டு வந்த கல்லாக இருக்கும், அந்தக் கல்லையும் சட்டை பண்ணாமல் அடியில் வேர் விட்டிருக்கிறது. என்ன பிடிவாதம்! உங்கள் ஊர்ச் செடி இல்லையா.

பத்தடி போய்விட்டது. முத்திருளனின் கத்தரிப் பாத்தியைத் தாண்டி, அவன் பெண்டாட்டி சோணையம்மாள் தண்ணீர் எடுத்துப் போகிற பாதையில் ஏறிவிட்டது. போன வாரம் அவள் குடத்தோடு வந்தவள் மாட்டிக்கொண்டாள். அந்த முள் பின்னால் வளைந்தது, உனக்குத் தெரியாதா, உள்ளே விடும், வெளியே விடாது. சேலையை விடுவித்தால் கையைப் பிடித்தது, கையை விடுவித்தால் கொண்டையைப் பிடித்தது. அவள் போட்ட சத்தத்தில் முத்திருளன் ஓடிவந்து, அவளை இழுக்கப்போய் அவன் வேட்டி மாட்டிக்கொண்டது. நானும் என் அரிவாளும் போய்த்தான் இருவரையும் மீட்டோம். மீட்டவனுக்கு ஒரு நன்றி உண்டா? மறுநாள் காலையில் என் மேல் பிராது.

சாவடியில் ஊர் கூடியது. எங்கள் ஊர்ப் பெரியவர் தவசி அம்பலம் கிணற்றில் நீர் இறைக்கும் கமலை வடத்தை எடுத்துவரச் சொல்லி, கல்லுக்கும் பனைக்கும் நேராகப் பிடித்து அளந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சின்னச்சாமி, வேலி பத்தடி உள்ள கெடக்கு. என்ன சொல்ற?"

"நான் தொடலண்ணே. அதாத்தான் நகந்துச்சு."

"என்னாது?"

"வேலி அதாப் போயிருச்சுண்ணே."

சாவடியே சிரித்தது. முத்திருளன் மட்டும் சிரிக்கவில்லை. "அம்பலாரே, எம் பெரிய மாடு செத்தப்பக்கூட நான் இம்புட்டு வருத்தப்படல. பங்காளி மண்ணத் திருடிட்டு, வேலிக்குக் காலு மொளச்சுருச்சுங்குறானே! இவன் கூடப் பொறந்த பாவத்துக்கு இதையும் கேக்கணுமா?" என்று துண்டை உதறினான். நான் ஓடிப்போய் வேர் விட்ட நுனி ஒன்றைப் பிடுங்கி வந்து எல்லோர் முன்னாலும் காட்டினேன். அவன் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தான். "நீயே நட்டு வச்சு, நீயே புடுங்கியாந்து காட்டுறியா? நாங் கூட நாளைக்கு ஒரு கத்தரிச் செடியப் புடுங்கியாந்து, இது மதுரையிலருந்து நடந்து வந்துச்சும்பேன்" என்றான். மறுபடி சிரிப்பு. தவசி அம்பலம் நியாயஸ்தர், அதனால்தான் வயிறு எரிகிறது. "நீ நகத்தலேன்னா வெள்ளிக்கெழம கருப்பன் முன்னால சூடத்த அமத்திச் சொல்லிரு. ஊரு நம்பிக்கிரும். மாட்டேன்னா, நகத்துனது நீதான். ஒரு கெடா வெட்டி ஊருக்குச் சோறு போட்டுட்டு, வேலியப் பழைய எடத்துல வையி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

எனக்கென்ன பயம்? நான் நகர்த்தவில்லை. சூடம் என்ன, தீச்சட்டியே எடுப்பேன். வீட்டுக்கு வந்து சொன்னால் உன் அக்காள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சத்தியம் மட்டும் வேணாங்க. என்ன வேணும்னாலும் செய்யுங்க. சூடத்துல கை வைக்காதீங்க" என்கிறாள். நான் உண்மையைத்தானே சொல்லப்போகிறேன் என்றால், "நெசமோ பொய்யோ, சாமிகிட்டப் போக வேணாம்" என்று அழுகிறாள். அவள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது, உனக்கும் தெரியும். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து அவள் வயிற்றில் இப்போது நாலு மாதம். சோறு தங்கவில்லை, கஞ்சி தங்கவில்லை, மாங்காய் தங்கவில்லை. வைத்தியர் கொடுத்த சூரணமும் தங்கவில்லை. தங்குவது ஒன்றே ஒன்று, அந்தப் பாழாய்ப்போன முள்ளுப்பழம். காலையில் ஒரு சிரட்டை, மாலையில் ஒரு சிரட்டை. பல்லெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டு வந்து நிற்பாள். எனக்கு அந்த வேலியைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் கொளுத்த முடியவில்லை. தினம் காலையில் நானேதான் கையெல்லாம் கீறிக்கொண்டு பறித்துத் தருகிறேன். எனக்கு வந்த நிலைமை பார்த்தாயா? என்னைத் திருடனாக்கின செடிக்கு நானே காவல்.

ஆகையால் ஒழுங்காகக் கேள். இந்தக் கடிதத்தை நாளைக் காலை பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அதே கண்டக்டர், கையில் இன்னும் தழும்பு இருக்கிறது, உன்னைப் பற்றிக் கேட்டால் அவனே சொல்வான். நீ துரையிடம் லீவு வாங்கிக்கொண்டு வியாழக்கிழமை இங்கே இறங்க வேண்டும். துரை லீவு தராவிட்டால் வேலையை விட்டுவிட்டு வா. சாவடியில் ஊர் முன்னால் நின்று, "இந்தச் செடியை அனுப்பினவன் நான், இது தானாக நடக்கிற ஜாதி, எங்கள் மச்சான் இதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை" என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சொன்னால் சத்தியம் தேவைப்படாது, உன் அக்காள் அழுகையும் நிற்கும். வராவிட்டால், மலையாண்டி, இந்த ஜென்மத்தில் என் வாசல் மிதிக்காதே. பிறக்கப் போகிற பிள்ளைக்குக் காது குத்த வேறு தாய்மாமனைத் தேடிக்கொள்கிறேன்.

மற்றப்படி உனக்குச் சீக்கிரத்தில் கல்யாணமாகி, நல்ல இடத்தில் பெண் அமைந்து, உன் மச்சினன் முதல் பொங்கலுக்கே இதைவிடப் பெரிய முள்கட்டாக உன் வாசலில் இறக்கிவைக்கக் கருப்பசாமி அருள் புரிவாராக. துரைக்கும் துரைசானிக்கும் என் சலாம் சொல்லவும். நாய்க்கும்.

இப்படிக்கு,
உன்னால் எல்லை திருடனான
சின்னச்சாமி.

பின்குறிப்பு: புதன்கிழமை காலை. கண்டக்டர் டீ குடிக்கிறான், அவசரமாக எழுதுகிறேன். நீ வர வேண்டாம். வந்தாலும் அந்தச் செடி நடக்கும் என்று யாரிடமும் மூச்சு விடாதே.

விடிந்ததும் முத்திருளன் தவசி அம்பலத்தைக் கையோடு கூட்டிக்கொண்டு என் வாசலுக்கு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. "தம்பி, ஒன்னயச் சந்தேகப்பட்டது எந் தப்புதான்டா. நானே நாலு நுனியப் புடுங்கிப் பாத்தேன். நீ சொன்னது நெசம், வேலி அதாத்தான் நடந்து வந்துருக்கு" என்றான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பங்காளி என்றால் இவனல்லவா என்று கட்டிப்பிடிக்கப் போனேன். அதற்குள் அவன் அம்பலத்தின் பக்கம் திரும்பி, "அதா நடந்து வந்து எம் மண்ணுல வேர் விட்டுச்சுன்னா அது எஞ் செடிதான அம்பலாரே? பழமும் எனக்குத்தான?" என்றான். நேற்று சாயங்காலம் சோணையம்மாள் அதில் பத்துப் பழம் தின்று பார்த்திருக்கிறாள். அம்பலம் யோசித்துவிட்டு, அதுவும் நியாயம்தான் என்றார். பழுக்கிற கொடியெல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது, மாப்ள. என் பக்கம் கிடப்பது வெறும் தூர். ரெங்கம்மாள் உள்ளே வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"இல்லண்ணே. நான்தான் நகத்துனேன்" என்றேன்.

"நேத்து வரைக்கும் இல்லேன்ன?" என்றார் அம்பலம்.

"நேத்துச் சொன்னது பொய்யிண்ணே. மண்ணு மேல ஆசப்பட்டு நான்தான் நகத்துனேன். செடி என்னுது. கெடா வெட்டுறேன், வேலியப் பழைய எடத்துலயே வச்சுக்கிறேன்."

முத்திருளன் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. திருடன் என்று ஊர் அறிய ஒப்புக்கொண்டு, செடியோடு பழத்தையும் மீட்டுக்கொண்டு உள்ளே போனேன். என் வீட்டில் யாரும் சொல்லாத பொய்யை உனக்காகச் சொல்லிவிட்டேன் என்று ரெங்கம்மாளிடம் சொன்னேன். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க ஒன்னும் பொய் சொல்லலைங்க. நுனிய மண்ணுல பொதச்சு, மேல கல்லத் தூக்கி வச்சது நான்தான். எங்க ஊருல அப்பிடித்தான் பெருக்குவோம். நம்ம பக்கம் பூராம் ஒங்க மல்லிகப் பாத்தி. அங்கிட்டுத்தான் ஈரமாவும் எடமாவும் இருந்துச்சு. ரெண்டு வருசமா வச்சேன்."

பெண்டாட்டி நகர்த்தின வேலிக்கு நான் வெள்ளிக்கிழமை சூடத்தில் கை வைத்திருந்தால் வயிற்றுப் பிள்ளைக்கு என்ன ஆகியிருக்கும் என்று, எழுதுகிற கையை நிறுத்தி நிறுத்தி உள்ளங்கையைப் பார்த்துக்கொள்கிறேன், எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான். ஊருக்கு வெட்ட வேண்டிய கிடாயை நீ அனுப்பு. இந்தத் தடவையாவது சீர் நாலு காலோடு வரட்டும்.

மேலே நான்கு பக்கமும் உன்னைத் திட்டியதெல்லாம் நியாயப்படி உன் அக்காளுக்குச் சேர வேண்டியது. அவளை இந்த நிலைமையில் என்னால் திட்ட முடியாது. ஆகவே அது உன்னிடமே இருக்கட்டும்.